சுவரொட்டியும் ஆராய்ச்சியும்

ஈராண்டு முயன்று கண்ட ஓர் உண்மையை இரண்டு நிமிடத்தில் எடுத்துரைக்க வேண்டுமாயின், எதைச் சொல்வது, எதை விடுவது? ஆராய்ச்சி மாநாடுகளிலே தம் சுவரொட்டியின் அருகில் நிற்கும் இளம் ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவரையும் எதிர்நோக்கும் வினா இதுவே.

ஆய்வுச் சுவரொட்டி என்பது, ஓர் ஆராய்ச்சியின் சாரத்தை எழுத்தாலும் படத்தாலும் ஒரே தாளில் விளக்குவதாகும். மண்டபத்திலே இத்தகைய தாள்கள் வரிசையாகத் தொங்கும். ஆக்கியோர் அருகில் நிற்பர். காண்போர் நடந்து சென்று பார்ப்பர். விரும்பிய இடத்தில் நின்று வினவுவர். அறிஞர் தொகை பெருகி, அனைவருக்கும் மேடையில் நேரம் வழங்க இயலாது போனமையால் இம்முறை பரவியது. 1969 இல் ஐரோப்பிய உயிரிரசாயன அறிஞர் மாட்றிட் நகரிற் கூடியபோதும், 1974 இல் அமெரிக்க அறிஞர் மினியாபொலிஸ் நகரிற் கூடியபோதும் இது கையாளப்பட்டது.

வழக்கிலுள்ள ஏ-0 தாள் 841 மில்லிமீற்றர் அகலமும் 1189 மில்லிமீற்றர் உயரமும் கொண்டது. இடமிருக்கிறதே என்று கட்டுரை முழுவதையும் சிற்றெழுத்தில் நிரப்புவோர் பலர். நடந்து செல்பவர் அதனை நின்று வாசிப்பதில்லை. உழைப்பெல்லாம் சுவரோடு போய்விடுகிறது. இக்குறையைக் கண்ட மிச்சிகன் அரச பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் மைக் மொறிசன், 2019 இல் புதியதோர் அமைப்பை முன்வைத்தார். ஆராய்ச்சியின் முடிவு எளிய நடையில், பெரிய எழுத்தில் நடுவே நிற்கும். விபரங்கள் இருபுறமும் ஒதுங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். காலையுணவு உண்ணும் மாணவர் கூடிய புள்ளி பெற்றதை ஓர் ஆய்வு கண்டதாக வைத்துக்கொள்வோம். 'காலையுணவும் கல்வியும்' என்று தலைப்பிட்டால் முடிவு விளங்காது. 'காலையுணவு புள்ளியை உயர்த்தும்' என்று எழுதினாலோ, சான்று காட்டாத ஒன்றைச் சொன்னவராவோம். வீட்டின் வசதியே இரண்டிற்கும் காரணமாயிருத்தல் கூடும். 'காலையுணவு உண்போர் கூடிய புள்ளி பெற்றனர்' என்பதே நேர்மையான வாக்கியம். எழுத்துப் பெரிதாகுந்தோறும் பொறுப்பும் பெரிதாகும்.

படங்கள் சிலவே போதும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதாரும் காண வருவர். ஆதலின் நிறத்தை மட்டும் நம்பி வேறுபாடு காட்டலாகாது.

சுவரொட்டியை மறைத்து நிற்பதும், பார்வையாளருக்கு முதுகு காட்டி அதனை வாசிப்பதும் தவிர்க்கத் தக்கவை. வந்தவர் எத்துறையினர் என முதலிற் கேட்டறிதல் நன்று. பின்னர் நாம் எழுப்பிய வினா, தேடிய வழி, கண்ட முடிவு ஆகியவற்றைச் சுருங்கச் சொல்லி, அவர் பேச இடமளிக்க வேண்டும். விடை தெரியாத வினாவுக்குத் 'தெரியவில்லை' என்பதே தக்க விடை. அவ்வினாவைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். அச்சேறிய கட்டுரையை வாசிப்பவரின் ஐயம் அவரோடே நின்றுவிடுவதுண்டு. சுவரொட்டியின் முன் அது அப்பொழுதே நம் செவிக்கு எட்டுகிறது. அடுத்த ஆராய்ச்சி அங்கிருந்தே தொடங்கலாம்.