நாற்காலி முதுகை வளைப்பது எப்படி?

அரக்கோணம், திருத்தணி பக்கத்துக் குழுக்களில் சிலர் சங்கக் கடன் வாங்கி மர நாற்காலி செய்யலாமா என்று கேட்கிறார்கள். செய்யலாம். கால், சட்டம் எல்லாம் நேர் வேலை. ஆசாரி பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தால் பழகிவிடும். முதுகு சாய்கிற வளைவுப் பலகையில்தான் லாபமும் நட்டமும் இருக்கிறது.

கனமான பலகையில் வரைந்து ரம்பத்தால் வளைவாக அறுப்பது ஒரு வழி. பார்க்கச் சுலபம். ஆனால் மரத்தில் நார் நேராக ஓடுகிறது. வளைவாக அறுத்தால் சில இடத்தில் நார் குறுக்கே வெட்டுப்படும். கனமான ஆள் சாய்ந்தால் அங்கேதான் 'படக்'கென்று விடும். மரமும் நிறைய வீணாகும்; தேக்கு விற்கிற விலைக்குக் கட்டுப்படி ஆகாது.

இன்னொரு வழி ஆவியில் வேகவைத்து வளைப்பது. மைக்கேல் தோனெட் என்பவர் 1859-ல் பீச் மரத்தை இப்படி வளைத்துச் செய்த 14-ம் நம்பர் நாற்காலி உலகமெல்லாம் விற்றது. மரம் அமுங்கும், ஆனால் அதிகம் இழுபடாது. அதனால் வெளிப்பக்கம் இரும்புப் பட்டை கட்டி வளைத்தார்கள். நன்றாகக் காய்ந்த மரம் இதற்குச் சரிவராது. நமக்கு இது வேண்டாம்.

நம் கைக்கு ஏற்றது மெல்லிய பட்டைகளை அடுக்கி ஒட்டுவது. அறுவை மில்லில் 3 மி.மீ. கனத்தில் பட்டை போடச் சொல்லி, இழைத்துக்கொள்ளுங்கள். பசை போடாமல் ஒரு பட்டையை அச்சின் மேல் வளைத்துப் பாருங்கள். விரிசல் விட்டால் இன்னும் மெலிசாக வேண்டும். வெளிப்பட்டை சுற்றிப் போகிற தூரம் அதிகம், அதனால் நீளத்தை இரண்டு அங்குலம் கூட வையுங்கள். அச்சைக் கழிவு மரத்திலேயே செய்யலாம். மேலே பாலிதீன் போட்டால் பசை அச்சில் ஒட்டாது. பட்டைகளை அச்சில் அழுத்த கிளாம்ப் நிறைய வேண்டுமே என்று பயப்பட வேண்டாம். பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கிழித்து இழுத்து இழுத்துச் சுற்றினால் போதும், எல்லா இடமும் ஒரே மாதிரி அழுந்தும். ஒரு நாள் முழுக்கத் தொடக் கூடாது. அவிழ்த்ததும் வளைவு கொஞ்சம் விரியும், ஆகவே அச்சை ஒரு பிடி கூடுதலாகவே வளைத்து வையுங்கள்.

பசை விஷயத்தில் கவனம். கழுந்து மூட்டுக்கு வழக்கமான வெள்ளைப் பசை நல்லதுதான். வளைந்த பட்டையோ எப்போதும் நிமிரப் பார்க்கும். வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் மெல்ல நழுவிக் கொடுக்கும், நம்ம ஊர் சித்திரை வெயிலில் இன்னும் அதிகம். இரண்டு டியூபைக் கலக்கும் எபாக்சி பசை அப்படி நழுவாது. விலை கூடத்தான். கையில் உறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் கலக்குங்கள். ஈர மரத்திலும் எண்ணெய் பட்ட மரத்திலும் இந்தப் பசைகள் சரியாகப் பிடிக்காது.

மெஷினுக்குக் கடன் கேட்கும் முன் இரண்டே முதுகுப் பலகை செய்து, வளைவை ஒரு தாளில் வரைந்து வைத்து, கோடை முழுக்க வெயில் படுகிற திண்ணையில் போடுங்கள். பிறகு அதே தாளின் மேல் வைத்துப் பார்த்தால் எவ்வளவு விரிந்தது என்று தெரிந்துவிடும். ஊக்குநர்கள் அந்தத் தாளையும் கூட்டத்துக்கு எடுத்து வரவும்.