ஓசையின்றி வரும் இரத்தக் கொதிப்பு



இரத்தக் கொதிப்பு என்னும் பெயரே நம்மில் பலரை ஏமாற்றிவிடுகிறது. இரத்தம் உலைநீரைப் போலக் கொதிப்பதுமில்லை. இது முன்கோபிகளுக்கு மட்டும் வரும் நோயுமன்று. சாதுவான மனிதருக்கும் வரும்.

முதுகில் பம்பைச் சுமந்து புல்லுக்கு மருந்தடிப்பவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். குழாயின் வாய் குறுகிவிட்டால் கை வலிக்க அழுத்த வேண்டியிருக்கிறது அல்லவா? நாளடைவில் கையும் சோர்ந்துவிடும். குழாயும் நைந்த இடத்தில் விரிசல் காணும். இதயம் கை, இரத்தக் குழாய்கள் அந்தக் குழாய். மூளையில் அது வெடித்தாலோ அடைபட்டாலோ பக்கவாதம். சிறுநீரகமும் கண்ணும் கூடக் கெடும்.

அழுத்தத்தை இரண்டு எண்களாகச் சொல்வார்கள். 120க்கு 80 நல்ல அளவு. வெவ்வேறு நாளில் பார்த்தும் 140க்கு 90 அல்லது அதற்குமேல் இருந்தால் அது நோய். பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். அதற்கு அரைமணி நேரம் முன்பிருந்தே காப்பியும் சிகரெட்டும் வேண்டாம்.

தலைசுற்றல் இல்லை, ஆகவே கொதிப்பு இல்லை என்பது தவறு. 2019ஆம் ஆண்டு மலேசியாவில் நடந்த தேசிய ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்கு 30 பேருக்கு இந்நோய் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அதை அறியாமலே இருந்தனர்.

நாங்கள் அறிந்த பால்மரத் தொழிலாளி ஒருவர் இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டார். "உடம்புதான் நன்றாக இருக்கிறதே" என்று நிறுத்திவிட்டார். நன்றாக இருந்தது மாத்திரையால்தான். ஒருநாள் விடியலில் வேலைக்குப் புறப்பட்டவர் வாசலிலேயே சாய்ந்தார். வாய் கோணியது, பேச்சுக் குழறியது. அவரது வலது கை இன்றும் பால்வெட்டுக் கத்தியைப் பிடிப்பதில்லை. இந்த அடையாளங்களைக் கண்டால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திராமல், உடனே 999ஐ அழையுங்கள்.

இனி உப்பு. "வெயிலில் வேர்த்து உப்பெல்லாம் போய்விடுகிறதே" என்பார்கள். வேர்வைக்குத் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். அதற்கென்று உப்பைக் கூட்ட வேண்டியதில்லை. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி உப்புக்குள் இருக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி கிச்சாப்பிலேயே இரண்டு கிராமுக்குமேல் உப்பு போய்விடுகிறது! கருவாடு, இக்கான் பிலிஸ், பெலாச்சான், ஊறுகாய், மீ பாக்கெட்டிலுள்ள தூள் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். கருவாட்டை ஊறவைத்து, இரண்டு முறை தண்ணீரை மாற்றுங்கள். கருவாட்டுக் குழம்பிற்குத் தனியாக உப்பு எதற்கு? தாய்மார்கள் சிறிது சிறிதாகக் குறைத்துவந்தால், சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். சாப்பிட உட்கார்ந்ததும் முகம் சுளிக்கும் ஆண்களைத்தான் சமாளிக்க வேண்டும்! சம்சுவும் புகையும் அவர்கள் பொறுப்பு.

மாத்திரையால் வறட்டு இருமலோ கால் வீக்கமோ வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வேறு மருந்து தருவார். நீங்களாக நிறுத்த வேண்டாம். அண்டை வீட்டுக்காரரின் மாத்திரையும் வேண்டாம். பூண்டு உணவுதான், மாத்திரைக்கு ஈடாகாது. கர்ப்பிணிகள் ஒவ்வொரு பரிசோதனையிலும் அழுத்தத்தைப் பார்த்தே ஆகவேண்டும். கூடினால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். ஒருநாள் கூலி போவதுதான் பெரிய தடை என்பதை நாங்கள் அறிவோம். அடுத்த மருந்து தீருமுன் எந்த நாளில் வரவேண்டும் என்று கேட்டு, அன்றைய இரண்டு எண்களோடு அந்த நாளையும் வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள்.