ஸ்டென்ட்டுக்கு உச்சவரம்பு, பலூனுக்கு?

மண்ணச்சநல்லூரில் யாருக்காவது நெஞ்சு அடைத்தால் கொள்ளிடம் தாண்டித் திருச்சிக்குத்தான் ஓட்டம். ஆஞ்சியோ முடிந்து டாக்டர் வெளியே வந்ததும் உறவுக்காரர்கள் கேட்பது, “எத்தனை ஸ்டென்ட், ஒண்ணு என்ன விலை?” இப்படிக் கேட்கும் தைரியம் 2017 பிப்ரவரிக்குப் பிறகு வந்தது. அப்போதுதான் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய், பூசாதது 7,260 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. பின்னால் அந்தத் தொகை பலமுறை திருத்தப்பட்டது. ஸ்டென்ட்டின் பிராண்டு, பேட்ச் எண், விலை எல்லாவற்றையும் பில்லில் தனியாகக் காட்டவும் அந்த உத்தரவு சொன்னது.

அடைப்பை விரிக்கத் தனியாகப் பயன்படுத்துகிற பலூன் கதீட்டர் அந்த உத்தரவில் இல்லை. பில்லில் ‘கன்ஸ்யூமபிள்ஸ்’ என்ற ஒற்றை வரிக்குள் அது போய்விடுகிறது. 2018-ல் டெல்லி வட்டாரத்துத் தனியார் மருத்துவமனைகள் நான்கின் பில்களை இதே ஆணையம் ஆராய்ந்தபோது, மருந்து, ஊசி, உபகரணங்களில் 1,737 சதவீதம் வரை லாபம் வைத்திருந்தது தெரிந்தது.

விலையை விட்டு, பொருளைப் பார்ப்போம். ஊத ஊதப் பெருக்கும் சமயபுரம் தேர்க்கடை பலூன் போல இது இருந்தால் ரத்தக்குழாய் கிழிந்துபோகும். 3 மில்லிமீட்டர் பலூன் என்றால், வளிமண்டலத்தைப்போல் 12 மடங்கு அழுத்தம் கொடுத்தாலும் ஏறக்குறைய அந்த அளவிலேயே நிற்க வேண்டும். அதனால்தான் நைலான், பெட் (PET) போன்ற பிளாஸ்டிக்குகளில் மெல்லிய சுவராக வார்த்து, குழாயைச் சுற்றி இறுக்கமாக மடித்து வைக்கிறார்கள். 1977 செப்டம்பரில் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்சிக் முதன்முதலில் இதய ரத்தக்குழாயில் பலூனை விரித்தார். 1986-ல் சென்னையில் டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல் அதைச் செய்து காட்டினார்.

ஒருமுறை விரித்த பலூன் பழைய மடிப்புக்குத் திரும்பாது. தலைமுடி நுழைகிற அளவுத் துவாரத்தில் தங்கிய ரத்தத்தை முழுக்கக் கழுவி எடுப்பதும் கடினம். அடுத்த நோயாளிக்குள் போனால் தொற்று வரலாம், அழுத்தத்தில் வெடிக்கலாம். உறையில் 2 என்ற எண்ணை வட்டத்துக்குள் போட்டுக் குறுக்கே கோடு கிழித்திருக்கும். மறுமுறை பயன்படுத்தாதே என்பதன் அடையாளம் அது. அதே நோயாளியின் இரண்டு அடைப்புக்கு ஒரே பலூனைப் பயன்படுத்துவது வேறு விஷயம். சிக்கலான அடைப்புக்குப் பல பலூன்கள் தேவைப்படுவதும் உண்மை. ஆகவே எண்ணிக்கையைப் பார்த்ததும் சண்டைக்குப் போக வேண்டாம்.

நெஞ்சுவலி நேரத்தில் யாராலும் பேரம் பேச முடியாது. டிஸ்சார்ஜுக்கு முன் கேளுங்கள்: எத்தனை பலூன், என்ன பிராண்டு, அச்சிட்ட எம்ஆர்பி என்ன? உறையிலிருந்து உரித்த ஸ்டிக்கர்களைக் கேஸ் ஷீட்டில் ஒட்டி வைப்பது வழக்கம். பில்லில் மூன்று, கேஸ் ஷீட்டில் ஒன்று என்றால் எழுத்தில் விளக்கம் கேட்கலாம். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி.

எம்ஆர்பிக்கு மேல் வாங்கினால் விலை ஆணையத்தின் 1800 111 255 எண்ணில் புகார் செய்யலாம். 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளின் எம்ஆர்பியையும் 12 மாதத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது. கருவியால் பாதிப்பு என்றால் 1800 180 3024. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை பெற்றவரிடம் பணம் கேட்டால் 1800 425 3993.

இழப்பீடு கேட்க திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. பாதிப்பு நேர்ந்த 2 ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும்.