ஒரு பொருள், நான்கு ஒப்படைகள்

டென்மார்க்கில் எமது தமிழ் வகுப்புகள் பலவற்றில் எழுத்துப் பயிற்சி என்றால் இன்றும் 'பொங்கல் விழா', 'பசு', 'எனது பாடசாலை' என்னும் கட்டுரைகளே. ஆசிரியர் கரும்பலகையில் எழுதுகின்றார். பிள்ளை பார்த்தெழுதி, மனனம் செய்து, பரீட்சையில் ஒப்புவிக்கின்றது. இதனால் கையெழுத்துச் சீர்படுகின்றது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளையின் சொந்த எண்ணம் ஒரு வரியேனும் அதில் உண்டா?

அதே பிள்ளை டெனிஷ் பாடசாலையில் வேறு விதமாகப் பயில்கின்றது. ஒன்பதாம் வகுப்பு எழுத்துப் பரீட்சையில், தரப்படும் ஒப்படைகளுள் ஒன்றைத் தானே தெரிந்தெடுக்கின்றது. கிம்னாசியத்திலோ, 2017ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் பின்னர், ஆய்ந்து எழுதுதல், வாதிட்டு எழுதுதல், சிந்தித்து எழுதுதல் என மூவகை எழுத்து எதிர்பார்க்கப்படுகின்றது. டெனிஷில் வாதிடத் தெரிந்த பிள்ளை தமிழில் பசுவுக்கு நான்கு கால்கள் என்று எழுதிக்கொண்டிருந்தால், தமிழைச் சிறுபிள்ளைகளின் மொழியென்றே அது எண்ணும். தவறு பிள்ளையுடையதன்று.

எம்போன்ற நாட்டவரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழி வகுப்பு நடத்தும் கடப்பாடு 2002இல் நகரசபைகளிடமிருந்து நீக்கப்பட்டது. அன்று முதல் இப்பொறுப்பு பெரும்பாலும் பெற்றோரையும் தொண்டாசிரியர்களையுமே சார்ந்துள்ளது. வாரத்தில் கிடைக்கும் சில மணி நேரத்தை நாம் வீணாக்கலாகாது.

புதிய நூல்கள் எதுவும் வேண்டியதில்லை. எம்மவர் வாழ்வோடு ஒட்டிய பொருள் ஒன்று போதும். 'தமிழர் வழக்கை' எடுத்துக்கொள்வோம். 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின் ஹான்சன், தமிழ் அகதிகளின் குடும்ப ஒன்றிணைவு விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாகக் கிடப்பிற் போடச் செய்தார். விசாரணை அறிக்கை வெளியானதும் 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டரின் அரசு பதவி விலகியது. 1995இல், அமைச்சர்களை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றம் நின் ஹான்சனுக்கு ஒத்திவைக்கப்பட்ட நான்கு மாதச் சிறைத்தண்டனை விதித்தது.

இதிலிருந்து நான்கு ஒப்படைகளைத் தரலாம். முதலாவது செய்தி அறிக்கை: நடந்ததை ஆண்டு வரிசையில், சொந்தக் கருத்தைக் கலவாது எழுதுதல். இரண்டாவது நேர்காணல்: அம்மாவிடமோ அப்பப்பாவிடமோ அந்நாட்களைப் பற்றிக் கேட்டு, அவர் சொன்னவாறே எழுதுதல். பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள வேற்றுமையைப் பிள்ளை இங்கேதான் உணரும். மூன்றாவது கடிதம்: 1988இல் மனைவியின் வருகைக்காகக் காத்திருக்கும் ஒருவராகத் தன்னைக் கருதி ஊருக்கு எழுதுதல். நான்காவது வாதம்: அத்தண்டனை போதுமா எனக் காரணங்காட்டி எழுதுதல், மறுதரப்பாரின் கூற்றுக்கும் அதில் பதில் இருத்தல் வேண்டும்.

திருத்தும் முறையும் மாறவேண்டும். முதற்படியைச் சிவப்பு மையால் நிரப்பாது, "நீ என்ன சொல்ல வந்தாய்?" என்று கேட்டு மீண்டும் எழுதச் செய்வோம். லகர, ளகர, ழகரத் திருத்தங்கள் இரண்டாம் படியில் வரட்டும்.

அன்று அந்த விண்ணப்பங்களை எழுதிக் காத்திருந்தோர் இன்று முதுமை எய்திவிட்டனர். அவர்களிடம் கேட்டு எழுத இன்னும் காலமுண்டு. ஆனால் மிகுதியாக இல்லை. பெற்றோரே, பிள்ளை கொப்பியும் பேனையுமாக வந்து அருகே அமர்ந்தால், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பதில் சொல்லுங்கள்.