துரு தின்ற 22 கம்பிகள்: மோர்பி பாலம் உணர்த்தும் பாடம்

புது தில்லி: குஜராத் மாநிலம் மோர்பியில் மச்சு நதியின் குறுக்கே இருந்த தொங்கு பாலம் 2022 அக்டோபர் 30-ஆம் தேதி அறுந்து விழுந்ததில் 135 பேர் உயிரிழந்தனர். 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அப்பாலம், மராமத்துப் பணிகள் முடிந்து மீண்டும் திறக்கப்பட்டு நான்கு நாள்களே ஆகியிருந்தன.

விபத்தின்போது பாலத்தின் மீது ஏறத்தாழ 300 பேர் இருந்தனர். அதன் தாங்குதிறனைவிட இது மிக அதிகம். ஆனால், மாநில அரசு அமைத்த சிறப்புப் புலனாய்வுக் குழுவின் முதற்கட்ட அறிக்கை, கூட்டத்தை மட்டும் காரணமாகக் கூறவில்லை. அறுந்த பிரதான வடத்தில் தலா 7 கம்பிகள் கொண்ட 7 புரிகள், அதாவது 49 எஃகுக் கம்பிகள் இருந்தன. அவற்றில் 22 கம்பிகள் துருப்பிடித்திருந்தன. அவை விபத்துக்கு முன்பே அறுந்திருக்கக் கூடும் என்றும், எஞ்சிய 27 கம்பிகளே பின்னர் அறுந்தன என்றும் குழு தெரிவித்தது.

49 கம்பிகள் பகிர்ந்து கொள்ள வேண்டிய பாரத்தை 27 கம்பிகள் தாங்கினால், ஒவ்வொன்றின் மீதும் விழும் இழுவிசை சுமார் 1.8 மடங்காகிறது. குழுவின் கணிப்பு சரியெனில், கூட்டம் ஏறுவதற்கு முன்னரே அவ்வடத்தின் பலம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது.

ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்து இரும்பைத் துருவாக்குகின்றன. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். ஆனால், பாரம் தாங்காது. எனவே, துருப்பிடித்த உறுப்பு பருத்துத் தோன்றினாலும் உள்ளே மெலிந்தே இருக்கும். சீராகத் தேய்வதைக் காட்டிலும் குழி குழியாக அரிப்பது ஆபத்தானது. குழியின் அடியில் விசை குவிந்து விரிசல் தொடங்குகிறது. முறுக்கிய வடத்திலோ கம்பிகளுக்கிடையே தங்கும் ஈரம் உள்ளிருந்தே அரிப்பதால், வெளிப்பார்வைக்கு எதுவும் புலப்படுவதில்லை.

மோர்பியில் மரப்பலகைகளுக்குப் பதிலாக அலுமினியத் தளம் அமைக்கப்பட்டது. பழைய தொங்கு கம்பிகளுடன் புதியவை பற்றவைக்கப்பட்டன. திறப்பதற்கு முன் பாரச் சோதனை மட்டும் நடத்தப்படவில்லை.

தேசிய நெடுஞ்சாலைப் பாலங்களைக் கணக்கெடுத்து மதிப்பிடும் ஏற்பாட்டை மத்திய அரசு 2016-இல் தொடங்கியது. மோர்பி பாலமோ நகராட்சிக்குரியது. பராமரிப்பு தனியாரிடம் இருந்தது. 2025 ஜூன் 15-ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் புணே மாவட்டத்தில் இந்திராயணி ஆற்றின் மீதிருந்த பழைய இரும்புப் பாலம் இடிந்து 4 பேர் உயிரிழந்தனர். அது பாதுகாப்பற்றது என்பது முன்பே அறியப்பட்டிருந்தது.

உள்ளாட்சிகளின் பொறுப்பிலுள்ள பழைய பாலங்களில் எஞ்சியுள்ள எஃகின் தடிமனை அளந்து, அந்த அளவை மக்கள் அறிய வெளியிடுவது கட்டாயமாக்கப்பட வேண்டும். தேறாத பாலத்தை எச்சரிக்கைப் பலகையோடு விட்டுவிடாமல் மூடுவதே அரசின் கடமை.