இரண்டாவது கூரை

மே மாத இரவில், புதுச்சேரியின் அடுக்குமாடிக் கடைசித் தளத்தில் படுத்தவர்களுக்குத் தெரியும்: பகலெல்லாம் மொட்டைமாடி குடித்த வெயில், விளக்கணைத்த பிறகுதான் வீட்டுக்குள் இறங்கும். இந்தச் சூட்டைத் தடுக்கக் கட்டடத்தை இடிக்க வேண்டியதில்லை. வேறிடத்தில் வார்த்த உறுப்புகளைக் கொண்டுவந்து வெளிப்புறத்தில் போர்த்தலாம். அதற்கான பாடம் இதே ஊரில் நிற்கிறது.

அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதி, பிரெஞ்சு ஆட்சியின்போது 1937இல் தொடங்கி உலகப்போர் ஆண்டுகளில் வளர்ந்தது. வடிவமைத்தவர் தோக்கியோவில் தொழில் செய்துவந்த, செக் நாட்டில் பிறந்த அந்தோனின் ரேமண்ட். அவருடன் பணியாற்றிய ஜார்ஜ் நகாஷிமாவும் பிரான்டிசெக் சாம்மரும் களத்தில் நின்று கட்டினார்கள். கோல்கொண்டா கோட்டையுள்ள ஐதராபாத்தின் நிஜாம் அரசிடமிருந்து நன்கொடை வந்ததால் இந்தப் பெயர்.

முகப்பில் கண்ணாடி ஜன்னலே கிடையாது. வடக்கிலும் தெற்கிலும் சுவருக்குப் பதிலாகக் கிடைமட்டப் பலகைகள் வரிவரியாக நிற்கின்றன. திருப்பினால் காற்று வரும், வெயில் வராது. மழை சாய்த்தடித்தால் மூடிக்கொள்ளலாம். அறைக்கும் நடைவழிக்கும் நடுவே தேக்குச் சட்டங்கள் வைத்த தள்ளுகதவு; உள்ளிருப்பவர் தெரியமாட்டார், காற்று மட்டும் கடந்துபோகும். மேலே, தளத்தின் மீது முன்பே வார்த்த வளைந்த கான்கிரீட் ஓடுகள். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் காற்று ஓடுவதால் ஓடு சுட்டாலும் தளம் அவ்வளவாகச் சுடுவதில்லை.

அந்தப் பலகைகள் கல்நார் சிமெண்டால் ஆனவை. கல்நார்த் தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்பதால், இன்று செய்பவர்கள் வடிவத்தை எடுத்துக்கொண்டு பொருளை மாற்றியாக வேண்டும்.

கோல்கொண்ட் புதிதாகக் கட்டியது; நெதர்லாந்தில் பிறந்த எனர்ஜிஸ்ப்ராங் முறையோ பழைய குடியிருப்புகளுக்கே உரியது. வீட்டை லேசரால் அளந்து, ஜன்னலோடு கூடிய சுவரைத் தொழிற்சாலையில் செய்து, குடியிருப்பவர்களைக் காலிசெய்யச் சொல்லாமலே வெளியில் மாட்டுகிறார்கள். அங்கே விரட்டுவது குளிரை, இங்கே வெயிலை. ஆகவே அவர்களுடைய தடித்த சுவரைவிட கோல்கொண்டின் பலகையும் ஓடும்தான் நமக்குப் பொருந்தும்.

ஆனால் இங்குள்ள குறுகிய தெருவில் கிரேன் நுழையாது. இரண்டு பேர் படியேற்றும் அளவில் ஒவ்வொரு துண்டும் இருக்க வேண்டும். பழைய தூண்கள் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று பொறியாளர் முதலில் பார்க்க வேண்டும். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் தாக்கிய ஊர் இது. ஓடுகளைச் சும்மா அடுக்கிவைக்க முடியாது, போல்ட் போட்டு இறுக்க வேண்டும். அதையும் தளத்தில் துளைபோடாமல் கைப்பிடிச்சுவரோரத்து உத்தரத்தில் போட வேண்டும்; தளத்தின் மேல் பதித்த தட்டோட்டைத் துளைத்தால் ஐப்பசி மழைக்கே கீழ்வீட்டில் ஒழுகும்.