டிஸ்க் பிரேக் போல்ட் கழலாமல் இருக்க

மோட்டார் சைக்கிளில் பால் கேன், உர மூட்டை ஏற்றிச் செல்லும் விவசாயிகள், சக்கரத்துடன் டிஸ்க்கைப் பிணைக்கும் போல்ட்டுகளைக் கவனிப்பது அவசியம். இவை கழன்றால் பிரேக் பிடிக்கும்போது டிஸ்க் ஆடும், உயிருக்கே ஆபத்து.

டிஸ்க்கைக் கழற்றி மாட்டும்போது புது போல்ட்டுகளைப் போடுவது நல்லது. சக்கரத்தின் மரையிலுள்ள பழைய பசையையும் எண்ணெயையும் துடைத்து உலரவிட வேண்டும். போல்ட்டில் பசை பூசி வராவிட்டால், நீல நிற லாக்டைட் ஓரிரு சொட்டு இடலாம். சிவப்பு வேண்டாம், சூடு காட்டாமல் கழற்றுவது கடினம். கிரீஸ் தடவக் கூடாது.

முதலில் எல்லா போல்ட்டுகளையும் கையால் திருகவும். பின்னர் எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில், டார்க் ரெஞ்சால் வண்டிக் கையேட்டில் குறித்த அளவுக்கு முடுக்கவும். அதற்கு மேல் முடுக்கினால் அலுமினியச் சக்கரத்தின் மரை போய்விடும். லாக்டைட் முழுதும் இறுக 24 மணி நேரம் ஆகும். அதுவரை வண்டியை எடுக்காமலிருப்பது நலம்.